ஊசி என்ற சொல்

முசிறி பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. டிக்கெட்டை நாலாய் மடித்துக் கடிகாரப் பட்டைக்குள் செருகிக்கொண்ட அம்சவேணி, இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தாள். அதற்குள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு வாக்கியத்தில் இருந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொரு சொல்லைப் போட்டாளே, அது ஏன் என்பதுதான். எடுத்தவளும் அவள்தான், போட்டவளும் அவள்தான், ஆனால் காரணத்தை மட்டும் அவளால் எடுத்துப் பார்க்க முடியவில்லை. மூன்று மாதமாகத் தேடுகிறாள். தேடத் தேட ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் கையில் கிடைக்கிறது, எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது, அதனால்தான் எதையும் நம்ப முடியவில்லை. கோகிலா கேட்டால் என்ன சொல்வது? கோகிலா கேட்பாளா என்பதே தெரியாது. நேற்று மத்தியானம், கோர்ட்டில் ஒரு பாகப்பிரிவினை வழக்கின் சாட்சியத்தை அம்சவேணி தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது போன் வந்தது. "அக்கா, நாளைக்கு ரெண்டாவது சனிக்கிழமைதானே, உங்களுக்கு லீவுதானே. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. ஒன்னு கேக்கணும். போன்ல வேணாம்." அவ்வளவுதான். குரலில் அழுகை இல்லை, கோபம் இல்லை, தடுப்பூசிக்குத் தேதி சொல்வது போல இருந்தது. கோகிலா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், அவள் பேச்சே அப்படித்தான். மகள் செத்துப்போய் மூன்று மாதம் ஆன பிறகும் அப்படியே பேச முடிகிறதே என்று அம்சவேணி நினைத்தாள், நினைத்த உடனே, மூன்று மாதம் கழித்தும் தன்னால் பிழையில்லாமல் தட்டச்சு செய்ய முடிகிறதே என்றும் நினைத்தாள். முசிறிக்குப் போவதாக யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு வீட்டில் யாரும் இல்லை என்பது வேறு. தோப்பில் சொல்லியிருக்க வேண்டும், பதினோரு வருஷமாக எங்கே போனாலும் தோப்பில் சொல்லிவிட்டுத்தான் போவாள், சொல்லாமல் வந்தது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது போல இருந்தது. நாற்பத்தொன்பது வயதில் யாருக்குப் பயந்து மட்டம் போடுகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே காவிரியில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மீதியெல்லாம் மணலும் நாணலும்.

தோப்பு என்றால் உண்மையிலேயே தென்னந்தோப்புதான், ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர், நடுவில் ஓலை வேய்ந்த பெரிய கொட்டகை. அங்கே சாமி படம் கிடையாது, காவி கிடையாது, காலில் விழுந்தால் அவருக்குக் கோபம் வரும். "நான் குருவும் இல்ல, கடவுளும் இல்ல. உங்க நண்பன். வேற எதுவும் வேணாம்" என்பார். அதனால் எல்லோரும் அவரை நண்பர் என்றே சொன்னார்கள். இப்போது யோசித்தால் அதுதான் சாமர்த்தியம் என்று தோன்றுகிறது. சாமி என்று சொல்லிக்கொள்பவரைச் சந்தேகப்படலாம், நண்பன் என்று சொல்பவரைச் சந்தேகப்பட்டால் நமக்கே வெட்கமாக இருக்கும். ஆனால் அப்போது அது சாமர்த்தியமாக இருந்ததா, உண்மையாக இருந்ததா? இரண்டும் ஒன்றாகவே இருக்க முடியாதா? அவர் முன்பு ஒரு ஆலையில் போர்மேனாக இருந்தவர். வேட்டியும் அரைக்கைச் சட்டையும்தான் போடுவார். உதாரணம் எல்லாம் கரண்டிலிருந்துதான் வரும். "உங்களுக்குள்ள எர்த் இல்லைங்க, அதான் யார் தொட்டாலும் ஷாக் அடிக்குது" என்பார், கொட்டகையே சிரிக்கும். அம்சவேணி முதன்முதலில் போனது அப்பா இறந்த ஆறாவது மாதம், கோர்ட்டில் கூட வேலை பார்த்த அம்மா ஒருத்தி கூப்பிட்டாள் என்று. பின்வரிசையில் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். பேச்சு முடிந்ததும் நண்பர் நேராக அவளிடம் வந்து, கீழே உட்கார்ந்து, "உங்க விரலுக்கு மட்டும் ஏன் ஓய்வே இல்ல?" என்று கேட்டார். அவள் விரல் மடிமேல் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்தது. யார் பேசினாலும் அது எழுதும், பஸ்ஸில் பாட்டுப் போட்டாலும் எழுதும், அப்பா ஆஸ்பத்திரியில் முனகியதைக்கூட எழுதியது. பதினெட்டு வயதிலிருந்து அது நடக்கிறது. அம்மா கவனித்ததில்லை, அண்ணன் கவனித்ததில்லை, பெண் பார்க்க வந்த நாலு பேரும் கவனித்ததில்லை, இருபது வருஷம் எதிரே உட்கார்ந்திருந்த நீதிபதிகள் யாரும் கவனித்ததில்லை. நாற்பது பேர் இருந்த கொட்டகையில் ஒருவர் கவனித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அது பொய் என்று இன்றைக்கும் அவளால் சொல்ல முடியவில்லை. அங்கேதான் எண்ணம் முட்டிக்கொண்டு நிற்கிறது. அவர் வருகிறவர்களையெல்லாம் அப்படித்தான் பார்த்தார், ஒவ்வொருவரிடமும் யாரும் தொடாத இடம் ஒன்று இருக்கும், அதைக் கண்டுபிடித்துத் தொட்டார், அதற்காகவே பார்த்தார் என்று வைத்துக்கொண்டாலும், பார்த்தது பார்த்ததுதானே. விரல் அசைந்தது நிஜம்தானே. பூட்டைத் திறக்கத் தெரிந்தவன் திருடனாகவும் இருக்கலாம். ஆனால் அதுவரைக்கும் அந்தக் கதவு பூட்டியே கிடந்ததற்கு அவனா பொறுப்பு?

கொள்ளிடம் தாண்டியதும் வெயில் இந்தப் பக்கத்து ஜன்னலுக்கு மாறியது. வழியில் ஏறிப் பக்கத்தில் மடியில் வாழைப்பூக் கட்டோடு உட்கார்ந்த ஒரு பெண், நொச்சியம் வருவதற்குள் தூங்கி அம்சவேணியின் தோளில் தலையைச் சாய்த்துவிட்டாள். எண்ணெய் வாசனை. தலை கனமாக, சூடாக இருந்தது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, எப்படி இவ்வளவு எடையை இன்னொருத்தி மேல் போட்டுவிட முடிகிறது? யோசித்துப் போடுவதில்லை, அதுதான் விஷயம். களைப்பு தானாகச் சாய்கிறது, தோள் எங்கே இருக்கிறதோ அங்கே. தோளுக்குச் சொந்தக்காரி நல்லவளா என்று தூக்கம் விசாரிப்பதில்லை. அம்சவேணி அசையாமல் இருந்தாள். அசையாமல் இருப்பதில் ஒரு சின்னப் பெருமை இருந்ததைக் கவனித்தாள். என்னை நம்பித் தூங்குகிறாள். அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ, நானூறு தலை தன் தோளில் சாய்ந்து கிடக்கிறது என்று? நானூறு பேர் சாய்ந்தால் தோள் வலிக்குமா, இல்லை வளருமா? பெருமை எப்போது ருசியாக மாறுகிறது, ருசி எப்போது பசியாகிறது? அவர் முகம் ஞாபகம் வந்தது. மூன்றாவது வருஷம், சமையல்காரம்மா சாம்பாரில் உப்பை மறந்துவிட்டாள் என்று தட்டைத் தள்ளிவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வார ஒலிப்பதிவை எழுத்தாக்கியபோது அம்சவேணி அதை விட்டுவிட்டாள், அதில் என்ன தப்பு, அது பேச்சு இல்லையே, சாப்பாட்டு நேரம். பேச்சைப் பதிவு செய்து, வீட்டில் கேட்டுத் தட்டச்சு செய்து, வியாழக்கிழமைதோறும் வார மடலாக அனுப்புவது அவள் பொறுப்பு. அவரே கொடுத்த பொறுப்பு. "விரலுக்கு ஒரு வேலை குடுத்துட்டோம், இனிமே மனசு தூங்கும்" என்றார், தூங்கத்தான் செய்தது. முதலில் அவர் இருமலை எடுத்தாள். பிறகு ஒரே விஷயத்தை இரண்டு முறை சொன்னால் ஒன்றை எடுத்தாள். பிறகு தப்பான குறள் சொன்னால் சரியான குறளைப் போட்டாள். பிறகு ஒருவரைப் பார்த்து "உன் புருஷன் போனதே உன் நாக்காலதான்" என்று சொன்னதை, "சொல்லைக் காப்பவர் உறவைக் காக்கிறார்" என்று மாற்றினாள். எவ்வளவு அழகான வாக்கியம். அந்த வாக்கியத்தை மறுவாரம் யாரோ அவருக்கு மேற்கோள் காட்ட, அவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டதைப் பார்த்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோர்ட்டில் சாட்சி தும்மினால் தும்மலைத் தவிர மற்றதெல்லாம் எழுத வேண்டும், "ஆமாங்க" என்பதை "ஆம்" என்று மாற்றினாலே வக்கீல் எழுந்து நிற்பார். வார நாளெல்லாம் அந்த ஒழுங்கு. ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கு வேறு. இரண்டும் ஒரே விரல்தான். எது எனக்குப் பிடித்திருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.

அவருக்கு நெஞ்சுவலி வந்தது ஆறாவது வருஷம். "மருந்து உடம்போட குரலை அமுக்குது" என்று வருஷக்கணக்காகச் சொன்னவர், திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். இது எப்படி என்று யாரும் கேட்கவில்லை, கேட்காதது மட்டுமில்லை, எல்லோருக்கும் ஒரே வாரத்தில் விடையும் தெரிந்திருந்தது. அவருக்குத் தேவையில்லை, நமக்காகப் போட்டுக்கொண்டார், நாம் இன்னும் தயாராகவில்லை. யார் முதலில் சொன்னது? அம்சவேணி எவ்வளவோ யோசித்துப் பார்த்திருக்கிறாள். அவர் சொல்லவில்லை. அவர் சும்மா சிரித்தார். சொன்னது நாங்கள்தான். தண்ணீர் பள்ளத்தைத் தேடுவதைப் போல மனசு அந்த விளக்கத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்தது. ஏன் என்றால் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இல்லாவிட்டால் அவர் அறுபது வயசு போர்மேன், செத்துப்போய்விடுவோமோ என்று பயந்தவர். அப்படியானால் என் விரலைப் பார்த்தது யார்? போர்மேனா? அதில் என்ன குறை, ஒரு போர்மேன் என் விரலைப் பார்த்தார் என்றால் போதாதா எனக்கு? போதாது. அந்தப் பதில் அவ்வளவு சட்டென்று வந்ததில் அம்சவேணிக்கே ஆச்சரியமாக இருந்தது. போதாது. பார்த்தவர் பெரியவராக இருக்க வேண்டும், அப்போதுதான் பார்க்கப்பட்ட நானும் பெரிய ஆள். அவர் சின்னவராகிவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம், பதினோரு வருஷமும், அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் தோப்பிலேயே இருந்ததும், எல்லாம் சின்னதாகிவிடும். அவரைக் காப்பாற்றவில்லை, என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேனோ? குணசீலம் நிறுத்தத்தில் பஸ் நின்றது. மனசு சரியில்லாதவர்களை இங்கே கூட்டிவந்து நாற்பத்தெட்டு நாள் கோயிலில் வைத்திருப்பார்கள். ஒரு நடுவயதுக்காரர், முகம் முழுக்கக் கவலையோடு, ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார். அவள் சிரித்த முகமாக இருந்தாள். பார்ப்பவர்களுக்கு யாரை யார் அழைத்து வந்தது என்றே தெரியாது. அம்சவேணி அவர்கள் தெரு திரும்பும்வரை பார்த்தாள்.

இப்போது அந்த ஞாயிறு. அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள், இனி பாதி தூரம்தான் இருக்கிறது. கோகிலாவின் மகள் சுடர்விழிக்கு அன்று பத்தொன்பது வயது. பதினொரு வயதிலிருந்து சர்க்கரை நோய், தினமும் நாலு வேளை இன்சுலின் ஊசி, அது இல்லாமல் உயிர் தங்காது. கோகிலாதான் முதல் ஊசியிலிருந்து போட்டுப் பழக்கியவள். அந்த ஞாயிறு போலியோ சொட்டு மருந்து நாள் என்பதால் கோகிலாவுக்கு முகாம் வேலை, வழக்கமாக அம்மாவோடு வரும் சுடர்விழி தனியாகப் பஸ் ஏறித் தோப்புக்கு வந்திருந்தாள். கேள்வி நேரத்தில் எழுந்து நின்றாள். மஞ்சள் சுடிதார். "நண்பரே, இந்த ஊசி இல்லாம என்னால இருக்க முடியுமா?" பதிவில் அதற்குப் பிறகு பதினோரு விநாடி ஒன்றும் இல்லை, தென்னை ஓலைச் சத்தம் மட்டும். அப்புறம் அவர் சிரிப்பு. "என்னைக் கேக்கறியாம்மா, உன்னைக் கேக்கறியா?" கொட்டகை சிரிக்கிறது. அவளும் சிரிக்கிறாள். அப்புறம், மெதுவாக: "பயம்தான் ஊசி. அதைத் தூக்கி எறி. மீதியை நான் பாத்துக்கறேன்." யாரோ கை தட்டினார்கள். அவ்வளவுதான். திங்கள்கிழமை சாயங்காலம் அம்சவேணி அதைத் தட்டச்சு செய்தாள், காதில் கருவி, பக்கத்தில் ஆறிப்போன காபி. வியாழக்கிழமை மடலில் வந்தது இது: "பயம் ஒரு முள். அதை எடுத்து எறியுங்கள். பாதை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்." ஊசி முள்ளாகிவிட்டது, நான் என்பது பாதையாகிவிட்டது, சுடர்விழியின் கேள்வி இல்லவே இல்லை. பதினொன்றாம் நாள் சுடர்விழி கல்லூரியில் மயங்கி விழுந்தாள், மறுநாள் விடிகாலையில் போய்விட்டாள். போலீஸ்காரர்கள் தோப்புக்கு வந்து கேட்டபோது நண்பர் கலங்கிய கண்ணோடு சொன்னார், அந்தக் குழந்தையிடம் நான் மருந்தை நிறுத்தச் சொல்லவே இல்லை, நான் பொதுவாகப் பேசியதை அது தப்பாகப் புரிந்துகொண்டது, வேண்டுமானால் மடலைப் பாருங்கள். ஒலிப்பதிவு? கருவி கெட்டுப்போய்விட்டது என்றார்கள். ஏட்டையா மடலை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அம்சவேணி நாலடி தள்ளித் தூணோரம் நின்றிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அன்று சாயங்காலம் வரை நம்பினாள். பதிவின் நகல் அவள் போனில் இருந்தது, இருக்கிறது. இடம் போதவில்லை என்று போன் சொல்லும்போதெல்லாம் வேறு எதையாவது அழிக்கிறாள்.

ஏன் மாற்றினேன்? தெரிந்தே மாற்றினேன் என்றால், அந்த வாக்கியம் ஆபத்து என்று திங்கள்கிழமையே எனக்குத் தெரிந்திருந்தது என்று அர்த்தம். தெரிந்திருந்தால் கோகிலாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், பத்து நாள் இருந்தது. அவரைக் காப்பாற்ற மாற்றினேன் என்றால் அதற்கும் ஆபத்து தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் தெரியாமல் மாற்றினேன் என்றால் விரல் ஏன் சரியாக அந்தச் சொல்லில் போய் நின்றது? சுருக்கெழுத்தில் உயிர்க்குறி போடாமல் வேகமாக எழுதினால் ஊசிக்கும் ஆசைக்கும் ஓசைக்கும் ஒரே கோடுதான். அதனால் தப்பு நேர்ந்தது என்று ஒரு காலையில் விளக்கம் தயாரித்துப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் அது உடைந்துவிட்டது, அன்று அவள் சுருக்கெழுத்தே எழுதவில்லை, காதால் கேட்டு நேராகத் தட்டினாள். பொதுமக்கள் படிக்கும் மடலில் ஒரு பெண்ணின் நோயைப் பற்றி எழுதக்கூடாது என்ற நாகரிகம் என்று இன்னொரு நாள். அது நன்றாக இருந்தது, இரண்டு வாரம் தாங்கியது. இப்படி விளக்கம் விளக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது: அவருக்கு எப்படி விளக்கம் தேடினேனோ அதே வழியில், அதே லாவகத்தோடு எனக்கும் தேடுகிறேன். பழக்கம். கை பழகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஞாயிறு வந்தால் இன்னும் தோப்புக்குப் போக வேண்டும் போல இருக்கிறது. போகிறாள். போன வாரமும் போனாள். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார், அந்தத் தலையசைப்பில் உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும் என்பது போல ஏதோ இருந்தது, பயம் வந்தது, பயத்தோடு கூடவே, வெட்கக்கேடு, அவர் இன்னும் என்னைப் பார்க்கிறார் என்ற இதமும் வந்தது. பக்கத்துப் பெண் திடுக்கென்று விழித்து, "ஆமூர் தாண்டிருச்சா?" என்றாள். "இல்ல, வரப்போவுது." "தூங்கிட்டேன் போல. தோள் வலிச்சிருக்கும்." "பரவால்லைங்க." இறங்கும்போது அவள் கட்டிலிருந்து ஒரு வாழைப்பூவை உருவி அம்சவேணியின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. சாலையின் இரு பக்கமும் அறுத்த கோரையைக் காயப் போட்டிருந்தார்கள், பச்சை வாசனை உள்ளே அடித்தது, வாய் வறண்டிருந்தது, பாட்டிலில் தண்ணீர் இல்லை.

கோகிலாவின் வீடு முசிறி பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். கதவு திறந்திருந்தது. கூடத்தில் சுடர்விழியின் படம், பூ வாடவில்லை. அதற்கு நேர் எதிர்ச் சுவரில் நண்பரின் படம் அப்படியே மாட்டியிருந்தது. இரண்டு படத்துக்கும் நடுவில் நாற்காலி போட்டு அம்சவேணியை உட்காரச் சொன்னாள் கோகிலா. தண்ணீர் கொடுத்தாள், டீ வைத்தாள், வாழைப்பூவை வாங்கி உள்ளே வைத்தாள். நாற்பத்தைந்து வயது, மெலிந்து போயிருந்தாள். பிறகு ஒரு தாளை எடுத்து வந்து டீப்பாயில் வைத்தாள். கணினியில் அடித்த தாள், மேலே போலீஸ் ஸ்டேஷன் விலாசம்.

"தோப்புல இருந்து புதன்கிழமை ஆள் வந்தாங்க. கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொன்னாங்க. பாப்பா தானாத்தான் மருந்த நிறுத்துனா, யார் மேலயும் சந்தேகம் இல்லைன்னு. நண்பர் ரொம்ப நொந்து போயிருக்காராம், சரியா சாப்பிடறதில்லையாம்."

"நீ என்ன சொன்னே?"

"படிச்சிட்டுத் தரேன்னு சொன்னேன். போடலாம்னுதான் இருந்தேன், அக்கா. நிஜமா. மடலைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். அதுல தப்பா ஒரு எழுத்து இல்ல. அப்ப எம் பொண்ணுதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா, நான்தான் சரியா வளக்கலைன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனக்கறது சுலபமா இருந்துச்சு. ஆனா…" கோகிலா தாளின் ஓரத்தை விரலால் நீவினாள். "முள்ளுன்னு சொன்னா ஊசின்னு புரிஞ்சுக்கற பொண்ணு இல்ல அவ. பன்னெண்டாவதுல தமிழ்ல தொண்ணூத்தெட்டு. அதான் உங்களக் கூப்பிட்டேன். மடல்ல நீங்க எழுதுனது எனக்கு வேணாம். அவர் என்ன சொன்னாரு?"

அம்சவேணி பஸ்ஸில் தயாரித்து வைத்திருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். போனை எடுத்து, தேடி, டீப்பாயில் வைத்து, அழுத்தினாள். ஓலைச் சத்தம் கேட்டது. சுடர்விழியின் குரல் கேட்டது. கேள்வி, மௌனம், சிரிப்பு, பதில், கைதட்டல். முடிந்ததும் கோகிலா, "அவ கேக்கற எடத்த மட்டும் திரும்பப் போடுங்க" என்றாள். போட்டாள். "இன்னொரு தடவ." போட்டாள். ஒவ்வொரு முறையும் கோகிலா சரியாகப் பதில் ஆரம்பிக்கும் இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"இத நீங்க எத்தன தடவ கேட்டீங்க?"

"தட்டச்சு பண்றப்ப நாலஞ்சு தடவை."

"அப்ப உங்களுக்கு என்ன தோணிச்சு?"

மூன்று மாதமாகத் தேடியது. எத்தனை விளக்கம், எத்தனை சுற்று. கோகிலா அதை நோயாளியிடம் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்பது போலக் கேட்டாள், அதனாலோ என்னவோ பதில் தானாக வந்தது, வந்த பிறகுதான் அம்சவேணியே அதைக் கேட்டாள்.

"வாக்கியம் நல்லா இல்லைன்னு தோணிச்சு."

சொன்ன பிறகு அதைத் திரும்பிப் பார்த்தாள். ஆமாம். அதுதான். ஊசி என்பது அந்த வாக்கியத்தில் அசிங்கமாக இருந்தது. அவர் அவ்வளவு மட்டமான வாக்கியம் சொல்லக்கூடாது. அந்தப் பெண் அம்சவேணியின் மனசில் ஒரு விநாடிகூட வரவில்லை. காதில் அவள் குரலே கேட்டுக்கொண்டிருந்தபோதும் வரவில்லை. வாக்கியத்தைத்தான் காப்பாற்றினாள். இதைவிட மோசமான காரணங்களுக்கெல்லாம் தயாராக இருந்தவளுக்கு, இவ்வளவு அற்பமான காரணம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

கோகிலா திட்டவில்லை. எதிர்ச் சுவரில் நண்பரின் படத்தைப் பார்த்தபடி, சொல்ல ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல, முட்டை வைக்கற தட்டுலதான் மருந்துக் குப்பி இருக்கும். தினம் ராத்திரி பால் எடுக்கறப்ப பாப்பேன். அந்த ஞாயிறு கழிச்சு அஞ்சாம் நாள் பாத்தேன், குறையல. ஆறாம் நாளும் குறையல. பாப்பா செம்பு செம்பாத் தண்ணி குடிக்குது. நான் இருபத்திரண்டு வருஷமா நர்ஸு, அக்கா. செம்பு செம்பாத் தண்ணி குடிச்சா என்னன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறவ. ஆனா அவ பாடிக்கிட்டே குடிச்சா. எட்டு வருஷத்துல அவ அந்த மாதிரி சந்தோசமா இருந்து நான் பாத்ததில்ல. ஏழாம் நாள் குப்பிய எடுத்து, லேபிள் இந்தப் பக்கம் தெரியற மாதிரி திருப்பி வச்சேன். அளவு என் கண்ணுல படக்கூடாதுன்னு."

வெளியே யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது. அம்சவேணி ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தாள். நல்ல வாக்கியம் ஒன்று தயாராகவும் இருந்தது. சொல்லவில்லை.

கோகிலா கையெழுத்துக்காக வந்த தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. டீப்பாயில் கிடந்த பேனாவை எடுத்து அதன்மேல் வைத்து, அம்சவேணியின் பக்கம் நகர்த்தினாள்.

"இன்ஸ்பெக்டர் நாலு மணிக்கு மேல இருப்பாராம், கேட்டு வச்சிருக்கேன். நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. அப்புறம் நீங்க உங்களோடத எழுதுங்க. ரெண்டு பேரும் போவோம்."

"என்னோட வேலைக்கே ஆபத்து வந்துரும், கோகிலா."

"எனக்கும்தான்."

அம்சவேணி பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"எம் பேரு கோகிலா. வயசு நாப்பத்தஞ்சு. நான் ஒரு நர்ஸ்."

பேனா நின்றது. "கிராம சுகாதாரச் செவிலியர்னு போட்டுரவா? மனுவுல அப்படித்தான் எழுதணும்."

"வேணாம்" என்றாள் கோகிலா. "நர்ஸுன்னே எழுதுங்க."